அப்பாவுக்கு ரஷ்யாக்காரன், மகளுக்கு லெனின், நடுவில் நான்

கேள்வி: நாகலூர்க்காரன்

காப்பியில் தொடங்கிக் கம்யூனிசத்தில் போய் நிற்கும் கேள்வி இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம். நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி. அப்பா வைத்தது, இப்போது நான் பார்க்கிறேன். மகள் கீழே சேலத்தில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். சனிக்கிழமை பஸ் ஏறி மேலே வருவாள். ஒரு வருஷமாக வாயைத் திறந்தால் லெனின், ரோசா லக்சம்பர்க். செல்போன் உறையில் அரிவாள் சுத்தியல். அந்த வயதுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சிக்கல் எங்கே வந்தது என்றால், எண்பதை நெருங்கும் என் அப்பா அவளோடு கூட்டணி வைத்துவிட்டார்.

அப்பா ஒருநாளும் சிவப்புக் கொடி பிடித்தவர் இல்லை. எம்.ஜி.ஆர். காட்டிய இரட்டை இலைக்குத்தான் இன்றுவரை ஓட்டு. பழம் எடுக்க வருகிறவர்கள் பத்து ரூபாய் கூடக் கேட்டால் அன்று முழுக்க முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வார். ஆனால் சோவியத் யூனியன் என்று சொல்லிப் பாருங்கள், மனிதர் உருகிவிடுவார். "ரஷ்யாக்காரன் இருந்தவரைக்கும் காப்பிக்காரன் மனுஷனா இருந்தான்டா" என்பார்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 1942 சட்டம் வந்ததிலிருந்து 1990-களின் நடுப்பகுதிவரை காப்பியை நாம் நினைத்த ஆளுக்கு விற்க முடியாது. வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் போக மிச்சமெல்லாம் காப்பி போர்டின் பொதுத் தொகுப்புக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டில் 'பூல்' என்றே சொல்வோம். போர்டு அதை ஏலம் விட்டு விற்கும். அன்றைக்கு உலகக் காப்பி ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது, எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று அதில் கோட்டா. சோவியத் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்த நாடு. கோட்டாவுக்குள் போகாத சரக்கை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், அதுவும் டாலர் இல்லாமல் ரூபாய்க் கணக்கில். 1989 ஜூலையில் கோட்டா முறை நின்றது, விலை சரிந்தது. 1991 கடைசியில் வாங்குகிற நாடே இல்லாமல் போய்விட்டது. அப்பா கணக்கில், சோவியத்தின் கடைசித் தலைவர் கோர்பச்சேவ் என்பவர் எங்கள் களத்தில் காய்ந்துகொண்டிருந்த காப்பியைக் காலால் எத்திவிட்டுப் போன ஆள்.

இதை மகள் பிடித்துக்கொண்டாள். "பாருங்கப்பா, தாத்தாவே சொல்றார்." கையில் ஒரு கருத்துக்கணிப்பு வேறு. ரஷ்யாவின் லெவாடா மையம் 2020-இல் கேட்டபோது, சோவியத் காலம்தான் நாட்டு வரலாற்றிலேயே சிறந்த காலம் என்று 75 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். நான் விடுவேனா? 1932-33 பஞ்சத்தில் உக்ரைனில் மட்டும் 35 லட்சத்துக்குக் குறையாமல் செத்தார்கள், அப்போதும் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை என்றேன். 1937, 38 இரண்டு வருஷத்தில் சுட்டுக் கொன்றது சுமார் 6,80,000 பேர், அது அவர்களுடைய போலீஸ் காகிதத்திலேயே இருக்கிற கணக்கு என்றேன்.

அவள் அசரவில்லை. "தாது வருஷப் பஞ்சத்துல நம்ம சேலம் ஜில்லாவுல ஊர் ஊராச் செத்தாங்களே, அப்பவும் கப்பல்ல தானியம் போச்சே, அது எந்தக் கம்யூனிஸ்ட் செஞ்சது?" என்கிறாள். 1876-78. அதுவும் உண்மைதான். கடைசி அஸ்திரம் சேலம் ஜெயில். 1950 பிப்ரவரி 11 அன்று கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் உள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். "குடியரசு ஆகிப் பதினாறு நாள்தாம்ப்பா ஆச்சு" என்றாள். டவுனுக்கு இறங்கும்போதெல்லாம் அந்த ஜெயில் இருக்கிற அஸ்தம்பட்டியைத் தாண்டித்தான் போகிறோம். அங்கே இப்படி ஒன்று நடந்தது என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் சொன்னதில்லை.

என் கேள்வி இதுதான். பழைய சோவியத்துக்கு ஏங்குகிறவர்களிடமும், அதைப் பார்க்காமலே ஏங்குகிற பிள்ளைகளிடமும் நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள்? வீட்டில் கட்சிக்காரர்கள் இருக்கிறவர்கள், அந்த நாட்டில் இருந்துவிட்டு வந்தவர்கள் சொன்னால் நல்லது. 'கம்யூனிசம் ஒழிக', 'புரட்சி ஓங்குக' இரண்டும் வேண்டாம்.


பதில்: கொண்டலாம்பட்டி ரவுண்டானா

கம்யூனிசம் ஒழிக. வேண்டாம் என்று சொன்னீர்கள், அதனால் முதலில் அதைப் போட்டுவிடுகிறேன்.

சேலம் பெரியாஸ்பத்திரிக்கு யார் பெயர்? மோகன் குமாரமங்கலம். ஜமீன் வீட்டுப் பிள்ளை. அப்பா சுப்பராயன் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர். பையன் படித்தது ஈட்டன், கேம்பிரிட்ஜ். திரும்பி வந்து கம்யூனிஸ்ட், அப்புறம் காங்கிரஸ், அப்புறம் இந்திரா காந்தியிடம் உருக்குத்துறை மந்திரி. உங்கள் மகள் அந்த வழியில் போனால் நீங்கள் எதற்குக் கவலைப்பட வேண்டும்?


பதில்: நேவா டாக்டர்

நான் லெனின்கிராடில் மருத்துவம் சேர்ந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பட்டம் வாங்கினேன். ஊர் மாறவில்லை, 1991 செப்டம்பரில் பெயர்தான் மாறியது. இப்போது ஆத்தூரில் தொழில்.

மகள் சொன்ன 75 சதவீதம் சரியான எண்தான். அந்த எண்ணுக்குள் இருக்கும் ஒரு ஆளை எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன். எங்கள் விடுதி வாசலில் சாவிப் பலகைக்குக் கீழே ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்பதெல்லாம் அவர் நோட்டில் ஏறும். அவருடைய அப்பாவை 1938-இல் ஒரு ராத்திரி கூட்டிக்கொண்டு போனார்கள். 1956-இல், ஸ்டாலினுக்குப் பின் தலைவரான குருஷ்சேவ் ஸ்டாலினின் குற்றங்களைப் பற்றிப் பேசியதற்கு அப்புறம், உங்கள் தகப்பனார் மேல் குற்றம் எதுவும் இல்லை என்று ஒரு காகிதம் வந்தது. ஆள் வரவில்லை. அம்மா 1941 குளிர்காலத்தில் ஜெர்மன் முற்றுகையின்போது இறந்தார். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி என்று ரேஷன் இறங்கிய மாதங்கள் அவை. இதையெல்லாம் ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று சொல்வது போலச் சொல்வார்.

அவர் அழுது நான் பார்த்தது 1992-இல். அந்த ஜனவரி 2-ஆம் தேதி அரசாங்கம் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தது. வருஷம் முடிவதற்குள் விலைவாசி இருபத்தைந்து மடங்குக்கு மேல் போய்விட்டது. தன் சாவுச் செலவுக்கென்று அரசுச் சேமிப்பு வங்கியில் அவர் போட்டு வைத்திருந்த பணம் ஒரு வாரச் சாமானுக்குக் காணவில்லை. மெட்ரோ வாசலில் வயதானவர்கள் வரிசையாக நின்று வீட்டுச் சாமானை விற்றுக்கொண்டிருப்பார்கள். அந்த வரிசையில் இவரும் நின்றார். கையில் ஒரு ஜோடி குளிர்காலப் பூட்ஸ், ஒரு தேநீர்க் கோப்பை செட். பிரெஷ்னேவ் காலத்தில் நாங்கள் மனிதர்களாக இருந்தோம் என்றார். உங்கள் அப்பா சொன்னதும் கிட்டத்தட்ட அதே வாக்கியம், கவனித்தீர்களா?

ஆகவே அந்த ஏக்கத்தைப் பொய் என்று தள்ளாதீர்கள். அது ஸ்டாலினுக்குப் போட்ட ஓட்டு என்று மகளும் எண்ணிக்கொள்ள வேண்டாம். 1990-இல் ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் சுமார் 64. 1994-இல் அது 58-க்கும் கீழே. போர் இல்லை, பஞ்சம் இல்லை, நாலே வருஷத்தில் இப்படி. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் முந்தைய காலத்தை நல்ல காலம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வார்கள்?

இன்னொன்றும் மகளுக்குச் சொல்லுங்கள். கணிப்பு எடுத்தது ரஷ்யாவில். 1991 மார்ச்சில் ஒன்றியம் நீடிக்கட்டுமா என்று வாக்கெடுப்பு வைத்தபோது முக்கால் பங்குக்கு மேல் ஆம் என்றார்கள், நிஜம். ஆனால் ஆறு குடியரசுகள் அந்த வாக்கெடுப்பையே நடத்தவில்லை. அதே வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி உக்ரைனில் 90 சதவீதத்துக்கு மேல் தனி நாடு என்று போட்டார்கள். லித்துவேனியாக்காரரிடம் போய் 'சிறந்த காலம்' என்று சொல்லிப் பார்க்கட்டும்.

என் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். என்னைப் படிக்க வைத்தது அந்த நாட்டு உழைப்பாளியின் காசு. ஆத்தூர்ப் பக்கத்துக் கிணற்று மேட்டு வீட்டிலிருந்து போன பையனுக்குச் சோறும் போட்டு உதவித்தொகையும் கொடுத்தார்கள். அதை மறந்து பேச எனக்கு வாய் வராது. ஆனால் அதே கல்லூரியில் எங்கள் உடற்கூறியல் பேராசிரியர் வகுப்பில் ஒரு பேச்சு, நடைபாதையில் ஒரு பேச்சு, வீட்டுச் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு மூன்றாவது பேச்சு பேசினார். அதையும் மறக்க முடியவில்லை.


பதில்: இரும்பாலைக்காரன்

நான் சேலம் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், சங்கத்தில் பொறுப்பில் இருந்தவன். ரவுண்டானா தம்பிக்கு முதலில் ஒன்று. 1970 செப்டம்பரில் அடிக்கல் நட்ட ஆலை அது. அதை விற்கப் போகிறோம் என்று 2019-இல் டில்லி ஏலத்துக்கு அழைத்தபோது வாசலில் உட்கார்ந்தது எல்லாச் சங்கமும். அதில் ஈட்டனில் படித்தவர் ஒருவரும் இல்லை.

சேலம் ஜெயில் விஷயத்தை மகள் கண்டுபிடித்ததே எனக்குச் சந்தோஷம். செத்தவர்களில் பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். அன்றைக்கு மலபாரும் சென்னை மாகாணம்தான், அதனால் இங்கே கொண்டுவந்து அடைத்திருந்தார்கள். எங்களை அரசியல் கைதியாக நடத்து என்று கேட்டார்கள். அதற்குக் கிடைத்தது துப்பாக்கி. வெள்ளைக்காரன் போய்விட்டான், ஆட்சியில் காங்கிரஸ். இப்போதும் பிப்ரவரி 11 வந்தால் மாலை போடுகிறோம். வருஷா வருஷம் நரைத்த தலைகள்தான் வருகின்றன, சின்ன வயசு ஒன்று வந்தால் வேண்டாம் என்போமா?

ஆனால் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் புரட்சி பேசுகிற இந்தக்காலப் பிள்ளைகள் பலருக்கு 1917 தெரிகிறது, 1992 தெரியவில்லை. நான் சொல்வது டாக்டர் சொன்ன 1992 இல்லை. வாச்சாத்தி.

ஏற்காட்டு மலையிலிருந்து கிழக்கே பார்த்தால் சித்தேரி மலை தெரியும். அதன் அடிவாரத்தில் அரூர் பக்கம் இருக்கிற ஊர். 1965-இல் தருமபுரி பிரியும்வரை அதுவும் சேலம் ஜில்லாதான். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து உள்ளே புகுந்தார்கள். வீட்டை இடித்தார்கள், ஆடு மாட்டைக் கொன்றார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள். 18 பெண்களை நாசம் செய்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சாதித்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கத்துத் தோழர்கள் காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொருத்தரிடமாக எழுதி வாங்கி, கோர்ட்டுக்குப் போனார்கள். உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணை போட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதற்குள் செத்துப்போனவர்கள் 54. மிச்சம் 215 பேருக்கும் தண்டனை, ஒருத்தர்கூட விடுபடவில்லை. 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அந்த வேலையைச் செய்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் ஒரு படம் போட்டு லைக் வாங்கியதில்லை. சாட்சி பயந்து பின்வாங்காமல் இருக்கத் திரும்பத் திரும்ப அந்த ஊருக்குப் போனார்கள், வந்தார்கள், வாய்தா வாங்கினார்கள். நம் ஊரில் இந்தக் கொடிக்குக் கணக்குப் பார்க்கிறவர்கள் இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.


பதில்: நாகலூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. ரவுண்டானாவுக்கும்தான்.

டாக்டர் சார் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பூட்ஸ் விற்ற பாட்டி வந்ததும் "பாரு, அதைத்தானே நானும் சொல்றேன்" என்றார். இதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். அந்தப் பாட்டிக்குப் போனது சேமிப்பு, அப்பாவுக்குப் போனது வியாபாரி. அப்பாவுக்கு வேண்டியது பொதுவுடைமை இல்லை. விளைந்ததை எல்லாம் எடுத்துக்கொள்கிற, விலை பேரம் பேசாத ஒரு பெரிய ஆள் வேண்டும். அது பழைய ரஷ்ய மன்னர் ஜாராக இருந்தாலும் அவருக்குச் சம்மதம்.

அந்தப் பூல் காலமும் அவர் இப்போது சொல்கிற மாதிரி இல்லை. காப்பியைக் கொடுத்ததும் கையில் ஒரு முன்பணம் வரும். அப்புறம் காப்பியின் தரத்துக்கு ஏற்ற பாயிண்ட் கணக்கு, தவணை தவணையாகப் பணம். இந்த வருஷக் காப்பியின் கடைசித் தவணை அடுத்த அறுவடையெல்லாம் தாண்டி வரும். அம்மாவின் வளையல் செவ்வாய்பேட்டை அடகுக் கடைக்குப் போவதும் வருவதும் அந்தத் தவணையை நம்பித்தான். சின்னத் தோட்டக்காரன் நேரடியாக விற்கலாம் என்று திறந்துவிட்டபோது முதலில் குதித்தது யார்? இதே அப்பாதான். 1994-இல் பிரேசிலில் பனி பொழிந்து செடி கருகி உலக விலை எகிறியது. அந்தக் காசில்தான் எங்கள் ஓட்டு வீடு தளம் போட்ட வீடு ஆனது. 2001, 2002-இல் விலை பாதாளத்துக்குப் போனபோது பழத்தைச் செடியிலேயே விட்டோம். அன்றைக்கு மறுபடி ரஷ்யாக்காரன் நல்லவன் ஆகிவிட்டான்.

ஆக, அப்பாவின் ஏக்கம் காப்பி விலையோடு ஏறி இறங்குகிறது. நான் கூடவே இருந்து பார்த்தது. இப்போது விலை நன்றாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் தணிந்திருக்கிறார். அதை ஒரு சித்தாந்தத்துக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றாதே என்றுதான் மகளிடம் சொல்கிறேன்.

மகளின் விஷயம் வேறு. அவள் ஒரே மூச்சில் மூன்றைச் சேர்த்துக் கட்டுகிறாள்: தாத்தாவின் காப்பி, சேலம் ஜெயில், ஸ்டாலின். இரும்பாலை அண்ணன் சொன்ன வாச்சாத்தியையும் இனி சேர்த்துக்கொள்வாள். எனக்குப் புரியாதது இதுதான் அண்ணே. ஜெயிலில் சுடப்பட்டவர்களுக்காகப் பேச ஸ்டாலின் எதற்கு? வாச்சாத்தி வழக்கை ஜெயித்தது அரசமைப்புச் சட்டம், உயர் நீதிமன்றம், சி.பி.ஐ., சாட்சிகளின் தைரியம். 1937 மாஸ்கோவில் அப்படி ஒரு ஊர் 269 அரசு ஆட்களைக் கூண்டில் ஏற்றியிருக்க முடியுமா?

கடைசியாக டாக்டர் சாருக்கு. அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: "தம்பி அங்க குடிச்ச காப்பி நம்ம காப்பியா?"


பதில்: இரும்பாலைக்காரன்

முடியாது தம்பி. 1937-இல் அங்கே முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் கேட்கிற மாதிரி அவ்வளவு சுத்தமாகப் பிரித்து எடுக்கவும் முடியாது.

ஜெயிலில் செத்த அந்த 22 பேரும் ஸ்டாலினை நம்பியவர்கள். அந்தப் பெயர் அவர்களுக்கு ஹிட்லரைத் தோற்கடித்த பெயர். சண்டையில் 2.7 கோடி பேரைப் பறிகொடுத்த நாட்டின் பெயர். அந்த வருஷங்களில் கட்சியே ஆயுதப் பாதை என்றுதான் பேசிக்கொண்டிருந்தது. 1948 கல்கத்தா மாநாட்டில் எடுத்த முடிவு. அதனால்தான் தடை, அதனால்தான் ஜெயில். அப்புறம் 1951-இல் டாங்கே, அஜய் கோஷ் உள்பட நாலு தலைவர்கள் ரகசியமாக மாஸ்கோ போய் ஸ்டாலினையே பார்த்தார்கள். திரும்பி வந்ததும் பாதை மாறியது. தெலங்கானா ஆயுதப் போராட்டத்தை நிறுத்தினார்கள், தேர்தலில் நின்றார்கள். 1952-இல் சென்னை சட்டசபையில் 62 இடம், காங்கிரஸுக்குப் பெரும்பான்மை இல்லை. சுடப்பட்டு இரண்டு வருஷத்தில் எதிர்க்கட்சி.

செத்தவர்களை எடுத்துக்கொள்கிறேன், அவர்கள் நம்பியதை விட்டுவிடுகிறேன் என்றால் அது பாதி மரியாதை. அவர்கள் நம்பியதை இன்றைக்கும் அப்படியே நம்புவேன் என்றால், 1956-க்குப் பிறகு வெளியே வந்த காகிதம் எதையும் படிக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் அலுவலகச் சுவரில் ஐந்து படம் மாட்டியிருக்கும். அதிலுள்ள ஸ்டாலினைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் பாசிசத்தை முறியடித்தவர் என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். எனக்கு அது போதாது. கூட்டத்திலேயே சொல்லியிருக்கிறேன், படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.


பதில்: லைன் வீட்டுப் பொண்ணு

நானும் ஏற்காடுதான், ஆனால் தோட்டக்காரர் வீடு இல்லை. அம்மா ஒரு பெரிய எஸ்டேட்டில் பழம் எடுத்தவர். எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் நான் வளர்ந்தேன், இப்போது ஓசூரில் வேலை.

மேலே எல்லாரும் மாஸ்கோ, மலபார், வாச்சாத்தி வரைக்கும் போய்விட்டு வந்தீர்கள். நாகலூர்க்காரர் அண்ணா, உங்கள் நான்கு ஏக்கரில் பழம் எடுக்க வருகிற அக்காமாரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டீர்களா?

1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, மருத்துவம், குடிதண்ணீர், பிள்ளைக் காப்பகம், பிரசவப் பணம் எல்லாம் அதில் இருந்தது. அது வந்தபோது 25 ஏக்கரும் 30 ஆளும் இருக்கிற தோட்டத்துக்கு மட்டும். பிற்பாடு திருத்தி 5 ஹெக்டேர், 15 ஆள் என்று இறக்கினார்கள். நான் பிறந்தபோது அம்மாவுக்குப் பிரசவப் பணம் கிடைத்தது, ஏனென்றால் அது பெரிய எஸ்டேட். உங்கள் தோட்டத்தில் வேலை செய்கிறவளுக்கு எந்த ஏக்கமும் கிடையாது. ஏங்குவதற்கு அவளுக்கு முன்னால் ஒன்று கிடைத்திருக்க வேண்டுமே.

இரும்பாலைத் தோழருக்கும் ஒன்று. அம்மா சங்கத்துக்கு மாதச் சந்தா கட்டியவர். மே தினத்துக்கு லாரி ஏறிச் சேலம் வந்து கொடி பிடித்தவர். வேலையை விட்டு நின்றபோது பணிக்கொடையில் கணக்கு உதைத்தது. சங்கத்துப் பெரியவர் ஒருவர் காரில் வந்தார், பங்களா வராந்தாவில் உட்கார்ந்து பேசினார், காப்பி குடித்தார், பார்க்கலாம் என்றார். கடைசியில் படிவம் நிரப்பி, தொழிலாளர் துறைக்கு மனு எழுதி, பின்னாலேயே அலைந்து வாங்கிக் கொடுத்தது பக்கத்து லைனில் இருந்த ஒரு டெய்லர் மாமா. அவர் எந்தக் கட்சியும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்.

இப்போது இன்ஸ்டாவில் ஸ்டாலின் மீசையை வைத்து மீம் போடுகிற பையன்களைப் பார்க்கிறேன். பணக்காரனைத் தின்னுவோம் என்று எழுதுகிறார்கள், சிரிப்பாகத்தான் இருக்கிறது. அவர்களுக்கு பி.எஃப். படிவத்தில் நாமினி எங்கே எழுதுவது என்று தெரியுமா? தெரிந்தால் என் கம்பெனி வாசலுக்கு வரட்டும், ஒப்பந்தக்காரர் பிடித்த பணத்தைக் கட்டாமல் விட்ட பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.


பதில்: நேவா டாக்டர்

இந்த அம்மா எழுதியதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஐயா கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன்.

ஆமாம், நம் ஊர்க் காப்பிதான். பழுப்பு நிற டின், மேலே நாட்டியமாடும் உருவம், இந்தியன் இன்ஸ்டன்ட் காப்பி. அங்கே அதன் மதிப்பு ஐயாவுக்குத் தெரிந்தால் இன்னும் உருகிவிடுவார். கடையில் அது சாதாரணமாகக் கிடைக்காது. வந்த அன்றே தீர்ந்துவிடும், இல்லை கடைக்காரர் மேசைக்கு அடியில் எடுத்து வைத்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பார். அதனால் காரியம் ஆக வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போகும் பொருள் அதுதான். ஆபரேஷன் செய்த டாக்டருக்கு ஒரு டின், கையெழுத்துப் போடும் அதிகாரிக்கு ஒரு டின். விடுதியில் ஜன்னல் சந்து வழியே காற்று வராத அறைக்கு நான் மாறியதும் ஒரு டின்னால்தான். வாங்கிக்கொண்டது நான் சொன்ன அதே பாட்டி. பூலில் போட்ட காப்பி அங்கே போய் லஞ்சமாக இருந்தது என்று ஐயாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.


பதில்: நாகலூர்க்காரன்

பக்குவமாகவெல்லாம் சொல்லவில்லை, அப்படியே படித்தேன். அப்பாவுக்கு ஏகப்பட்ட பெருமை. "அவ்வளவு மதிப்பு!" என்கிறார். லஞ்சம் என்ற பகுதி அவர் காதில் ஏறவில்லை.

லைன் வீட்டுத் தங்கச்சிக்கு. உண்மை, எங்கள் நான்கு ஏக்கருக்கு அந்தச் சட்டம் பொருந்தியதில்லை. கூலி பெரிய எஸ்டேட்டுக்குக் குறையாமல் கொடுக்கிறேன், மழை நாளில் பாதி நாள் வேலைக்கு முழுக் கூலி. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பழம் எடுக்க ஆள் கிடைக்காமல் அல்லாடுகிற எங்களுக்கு என்ன முடியும் என்று எழுத ஆரம்பித்தால் அது வேறு திரி ஆகிவிடும்.

மகளுக்கும் அனுப்பினேன். சனிக்கிழமை வந்தாள். காரில் வந்த பெரியவரைத் திட்டுவது நியாயம், ஆனால் அந்த 1951 சட்டமே கொடி பிடித்தவர்கள் கேட்டு வந்ததுதானே என்று உங்களிடம் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன். பிப்ரவரி 11-க்கு மாலை போடப் போகிறாளாம், இரும்பாலை அண்ணன் எங்கே கூடுவார்கள் என்று சொல்ல வேண்டும். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினாள். நம் தோட்டத்துக்கு வருகிற ஆறு பேருக்கும் அறுவடை முடிந்ததும் போனஸ் கொடுக்கலாமே, இந்த வருஷம் விலை நன்றாகத்தானே இருக்கிறது என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா திறந்தார். "நாலு ஏக்கர்ல போனஸா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" அவள் விடவில்லை, அவரும் விடவில்லை. ரஷ்யாக்காரனே வந்து சொன்னாலும் கொடுக்க மாட்டேன் என்று எழுந்து களத்துக்குப் போய்விட்டார். இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. போனஸ் பற்றி நான் இன்னும் முடிவு செய்யவில்லை. பையனுக்குக் கட்ட வேண்டிய பள்ளிக்கூடப் பணம் இருக்கிறது, மிளகும் இந்த முறை குறைவு. பார்ச்மென்ட், அதாவது பழத்தோல் நீக்கிக் காயவைத்த காப்பி, போட்டதும் கணக்குப் பார்க்க வேண்டும்.